தண்ணீர்ப் புட்டியின் எடையையும் கேட்டு வாங்குங்கள்: குடல் அழற்சி மருந்துச் சோதனைச் சேவை ஒன்றின் மதிப்புரை

குடல் அழற்சி நோய்க்கென உருவாக்கப்படும் புதிய மருந்துகளைச் சுண்டெலிகளில் சோதித்துத் தரும் ஒப்பந்த ஆய்வகம் ஒன்றின் சேவையை எங்கள் ஆய்வுக்குழு அண்மையில் பயன்படுத்தியது. சொந்தமாக விலங்குக்கூடம் வைத்துக்கொள்ள இயலாத சிறு குழுக்களுக்கு இத்தகைய சேவையை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைக் கண்டு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் பார்வையிலிருந்து எழுதப்பட்டவை மிகக் குறைவு. அந்தக் குறையை ஓரளவு போக்கவே இதை எழுதுகிறேன். ஆய்வகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆலோசனை மிகச் சிறப்பு, விலங்குகளைக் கையாளும் திறமையும் திசு ஆய்வும் சிறப்பு, அறிக்கை எழுதும் முறை மட்டும் கட்டாயம் திருத்தப்பட வேண்டியது.

நாங்கள் அனுப்பியது வாய்வழியாகக் கொடுக்கப்படும் ஒரு சிறு மூலக்கூறு. நோய் எதிர்ப்பு அமைப்பின் வெள்ளணு வகையான டி செல்கள் தூண்டப்படும்போது அவற்றுக்குள் நடக்கும் சமிக்ஞைத் தொடரை அது தடுக்கிறது. குடல் அழற்சி நோயின் இரு முக்கிய வகைகளான குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய இரண்டிலும் டி செல்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இவ்விரண்டில் எதற்கு இந்த மருந்தைக் கொண்டு செல்வது என்று முடிவெடுக்கும் முன் விலங்குகளில் அது என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பினோம்.

இந்த ஆய்வகத்தின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது டெக்ஸ்ட்ரான் சல்பேட் சோடியம், அதாவது டி.எஸ்.எஸ். எனப்படும் வேதிப்பொருளைக் கொண்டு செய்யப்படும் சோதனை. உலகெங்கும் மிக அதிகமாகச் செய்யப்படுவதும் இதுதான். சுண்டெலிகளில் இம்முறை 1990-இல் விவரிக்கப்பட்டது. குடிநீரில் 2 முதல் 5 சதவீதம் வரை டி.எஸ்.எஸ். கலந்து ஏறத்தாழ ஒரு வாரம் கொடுத்தால், பெருங்குடலின் உட்சுவரை மூடியிருக்கும் செல் படலம் சிதைகிறது, குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சிதைவின் வழியே உள்ளே நுழைகின்றன, அழற்சி மூள்கிறது. நான்காம் ஐந்தாம் நாளில் எடை குறையத் தொடங்கி, மலம் இளகி, இரத்தம் கலந்து வெளியேறுகிறது. விரைவானது, எளியது, பிற முறைகளைவிடச் செலவு குறைந்தது. ஆகவே வாடிக்கையாளர்கள் பெரும்பாலோர் இதையே கேட்கிறார்கள்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆய்வாளர், முதல் கலந்துரையாடலிலேயே இதை எங்கள் முதன்மைச் சோதனையாக வைக்க வேண்டாம் என்று சொன்னார். டி செல்லும், மற்றொரு வகை வெள்ளணுவான பி செல்லும் இல்லாத சுண்டெலிகளுக்கும் டி.எஸ்.எஸ். கொடுத்தால் கடுமையான குடல் அழற்சி வருகிறது என்பது 1994-லேயே நிறுவப்பட்ட செய்தி. டி செல்லே தேவைப்படாத ஒரு நோயில் டி செல் மருந்தைச் சோதித்து, பலன் இல்லை என்று வந்தால் நல்ல மருந்தைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள், பலன் உண்டு என்று வந்தால் அதற்கு வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும் என்றார் அவர். விற்பனைக்கு எளிதான பொருளை வாங்க வேண்டாம் என்று விற்பவரே சொல்வது எளிதன்று. இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதி அந்த ஓர் உரையாடலுக்கே உரியது.

மாற்றாக அவர் பரிந்துரைத்தது டி செல் மாற்று முறை. 1993-இல் அறிமுகமான இம்முறையில், நலமான சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து இன்னும் தூண்டப்படாத டி செல்களை மட்டும் பிரித்தெடுத்து, நிணநீர் செல்கள் (டி, பி செல்கள்) அற்ற சுண்டெலிகளுக்குள் செலுத்துகிறார்கள். அழற்சியை அடக்கும் காவல் டி செல்கள் உடன் வராததால், செலுத்தப்பட்டவை குடல் பாக்டீரியாக்களுக்கு எதிராகப் பெருகி, சில வாரங்களில் பெருங்குடலைத் தடிக்கச் செய்கின்றன. காலமும் பணமும் கூடுதலாகும். ஆனால் நோயை நடத்துவது டி செல் என்பதால், எங்கள் கேள்விக்கு நேரடியாக விடை சொல்லக்கூடிய சோதனை இதுவே. டி.எஸ்.எஸ். சோதனையை, மருந்து பெருங்குடல் திசுவில் போதிய அளவு சேர்கிறதா என்று அறிய மட்டும் சிறிய அளவில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

பட்டியலில் வேறு முறைகளும் உண்டு. எத்தனாலில் கரைத்த டி.என்.பி.எஸ். என்ற வேதிப்பொருளை மலக்குடல் வழியே செலுத்தும் முறை 1989 முதல் வழக்கில் இருக்கிறது. அழற்சியை அடக்கும் புரதமான ஐ.எல்.-10-இன் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளும் கிடைக்கின்றன. அவற்றை நாங்கள் பயன்படுத்தவில்லை என்பதால் அவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையாகாது.

ஒப்பீட்டு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே நேர்மையைக் கண்டேன். குரோன் நோய்க்கு 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை ஒப்பீட்டுக்கு வைக்க விரும்பினோம். அது அழற்சியைத் தூண்டும் மனித டி.என்.எஃப். புரதத்தைப் பிடிப்பதற்கென ஆக்கப்பட்டது, சுண்டெலியின் டி.என்.எஃப்.-ஐ அது செயலிழக்கச் செய்யாது, ஆகவே அதை ஒப்பீடாக வைத்தால் எந்த மருந்தும் அதைவிடச் சிறந்ததாகவே தோன்றும் என்று விளக்கி, டி செல் மாற்றுச் சோதனைக்குச் அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-12 என்ற சுண்டெலிப் புரதத்தின் பி40 என்ற பகுதியைத் தடுக்கும் ஆன்டிபாடியை (குறிப்பிட்ட இலக்கைப் பிடிக்கும் புரதத்தை) பரிந்துரைத்தார்கள். இந்தத் தேர்வுக்குப் பின்னால் நல்ல வரலாறு இருக்கிறது. ஐ.எல்.-12-க்கு எதிரான ஆன்டிபாடி, டி.என்.பி.எஸ். முறையில் ஏற்கெனவே முற்றிய குடல் அழற்சியைச் சுண்டெலிகளில் தணித்தது என்பது 1995-இல் வெளியானது. அதே பி40-ஐக் குறிவைக்கும் உஸ்டெகினுமாப், குரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது 2016-இல். விலங்கில் கண்ட பலன் மனிதரை வந்தடைந்த அரிய நேர்வுகளுள் இது ஒன்று. இடையே கழிந்த இருபது ஆண்டுகளையும் சேர்த்தே இதை நினைவில் கொள்ள வேண்டும்.

செய்முறைகளைப் பற்றிச் சொல்ல நல்லவை நிறைய உண்டு. சுண்டெலிகளின் பெருங்குடலுக்குள் மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, விலங்கைக் கொல்லாமலேயே நோயின் நிலையை இந்த ஆய்வகம் பதிவுசெய்கிறது. ஒவ்வொரு விலங்கின் காணொளியும் எங்களுக்குத் தரப்பட்டது. நோயற்ற சுண்டெலியின் குடற்சுவர் ஏறக்குறைய ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக, இரத்தக்குழாய்கள் இலை நரம்புகளைப் போல் கிளைபிரிந்து தெளிவாகத் தெரிய இருந்தது. டி செல் செலுத்தப்பட்டு நோய் முற்றிய விலங்கில் அந்தக் கிளைகள் எல்லாம் மறைந்து, சுவர் தடித்து, சொரசொரப்பாக, இடையிடையே ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) வெண்ணிறப் படிவுகளோடு காணப்பட்டது. கருவியின் முனை பட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது. அறிக்கையில் 0 முதல் 3 வரை எண்ணாக மட்டும் வரும் ஒன்றைக் கண்ணால் பார்த்தபிறகு, அந்த எண்கள் மீது எனக்கு இருந்த நம்பிக்கை கூடியது. இந்தக் காணொளிகளைக் கேட்காமலேயே தந்தார்கள். பிற ஆய்வகங்களிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம், கேளுங்கள்.

திசு ஆய்வும் அவ்வாறே. பெருங்குடலின் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பார்க்காமல், முழு நீளத்தையும் நெடுக்காகத் திறந்து, சுருளாகச் சுற்றி, ஒரே வெட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை தெரியும்படி செய்கிறார்கள். டி.எஸ்.எஸ். ஏற்படுத்தும் சிதைவு திட்டுத் திட்டாகவும், மலக்குடலை ஒட்டிய பகுதியில் அதிகமாகவும் இருக்கும். ஒற்றைத் துண்டு எங்கே வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்து ஒரே விலங்கு நலமாகவும் தெரியலாம், நோயுற்றதாகவும் தெரியலாம். சுருளாகச் சுற்றும் முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மதிப்பெண் இட்ட நோயியல் வல்லுநருக்கு எந்தக் கண்ணாடிச் சில்லு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியாது என்பதற்கான பதிவும் இணைக்கப்பட்டிருந்தது. டி.எஸ்.எஸ். திசுவில் தங்கி ஆர்.என்.ஏ. அளவீட்டைக் கெடுத்துவிடும் என்பதால், லித்தியம் குளோரைடு கொண்டு அதை நீக்கிய பிறகே மரபணு வெளிப்பாட்டை அளந்திருந்தார்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வெளியிடப்படும் அளவீடுகள் எத்தனையோ இருக்கும் என்று நினைக்கும்போது, நாங்கள் கேட்காமலேயே இதைச் செய்திருப்பது பாராட்டுக்குரியது.

குறைகள் டி.எஸ்.எஸ். சோதனையின் அறிக்கையில்தான் தொடங்கின. எங்கள் மருந்து கொடுக்கப்பட்ட குழுவில் எடை இழப்பு குறைவு, பெருங்குடல் சுருக்கம் குறைவு, மலத்தில் இரத்தம் குறைவு என்று அறிக்கையின் முதல் பக்கம் தெரிவித்தது. அளவுகோலின் அருகே வரிசையாகக் கிடத்தி எடுக்கப்பட்ட பெருங்குடல்களின் படமும் அதற்கு ஒத்திருந்தது: மருந்தில்லாக் குழுவின் குடல்கள் குட்டையாகவும் கருஞ்சிவப்பாகவும், மருந்துக் குழுவினுடையவை நீளமாகவும் வெளிறியும் இருந்தன. "குறிப்பிடத்தக்க பாதுகாப்பு" என்ற சொற்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. டி செல்லே தேவைப்படாத நோயில், டி செல் மருந்து இவ்வளவு பலன் தருமா என்ற கேள்வி எங்கள் குழுவில் உடனே எழுந்தது. எங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆய்வாளர் முன்கூட்டியே எச்சரித்த அதே நிலைமை இது. ஆனால் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நாங்கள் மூலத் தரவுகளைக் கேட்டோம். தயக்கமின்றி அனுப்பினார்கள், அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொரு கூண்டின் தண்ணீர்ப் புட்டியையும் நாள்தோறும் நிறுத்துப் பதிவுசெய்த அட்டவணை ஒன்று இருந்தது. மருந்துக் குழுவின் கூண்டுகளில், முதல் சில நாட்களில் தண்ணீர் தெளிவாகவே குறைவாகக் குடிக்கப்பட்டிருந்தது. குடிநீர் வழியாக வரும் நஞ்சைக் குறைவாகக் குடித்த விலங்குகளுக்கு நோய் குறைவாக வந்தது. அதற்கு மருந்து தேவையே இல்லை. இந்த அட்டவணையைப் பொறுப்போடு தயாரித்த ஆய்வகம், அதை ஒருமுறை வரைபடமாக்கிப் பார்க்கவில்லை, அறிக்கையில் குறிப்பிடவும் இல்லை. இத்தனை கவனமாக வேலை செய்யும் நிறுவனத்தில் இப்படி ஒரு விடுபாடு நேர்ந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது, ஏனெனில் அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் படித்து முதலீட்டாளரிடம் கொண்டு செல்லும் குழுக்கள் பல உண்டு, அந்தப் பக்கத்தை நம்பி மருத்துவப் பரிசோதனையில் சேரப்போகிறவர்கள் நோயாளிகள்.

நாங்கள் சுட்டிக்காட்டியபோது அவர்கள் மழுப்பவில்லை. டி.எஸ்.எஸ். நிறுத்தப்பட்டு நோய் முழுதாக மூண்ட பிறகே மருந்தைத் தொடங்கும் வகையில் சோதனையைத் திருத்தி, தங்கள் செலவிலேயே மீண்டும் செய்து தந்தார்கள். இம்முறை குழுக்களுக்கிடையே எந்த வேறுபாடும் இல்லை. மருந்தின் செயல்முறையை வைத்துப் பார்த்தால் எதிர்பார்க்க வேண்டியதும் இதுவே.

இங்கே ஒரு பொதுக் குறையையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வகத்தின் வழக்கமான டி.எஸ்.எஸ். திட்டத்தில், நோய் தொடங்கும் நாளன்றோ அதற்கு முன்போ மருந்து கொடுக்கத் தொடங்குகிறார்கள். வேண்டும் என்று கேட்டால் மாற்றித் தருகிறார்கள். கேட்காதவர்களுக்கு இதுதான் கிடைக்கும். நோயாளி மருத்துவரிடம் வருவது பல மாதங்கள், சில நேரங்களில் பல ஆண்டுகள் துன்பப்பட்ட பிறகு. வருமுன் காக்கும் மருந்தையும் வந்தபின் தணிக்கும் மருந்தையும் ஒரே சோதனையால் அளக்க முடியாது. கேட்காமல் கிடைப்பது நோய் மூண்ட பின் தொடங்கும் சிகிச்சையாகவும், முன்கூட்டிக் கொடுப்பது சிறப்பு வேண்டுகோளாகவும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டி செல் மாற்றுச் சோதனையில் இந்தக் குறை இல்லை. செல்கள் செலுத்தப்பட்டு எடை குறையத் தொடங்கியபின், எண்டோஸ்கோப்பி மதிப்பெண்ணையும் எடையையும் பார்த்து, நோயின் கடுமை எல்லாக் குழுக்களிலும் சமமாக அமையும்படி குலுக்கல் முறையில் விலங்குகளைப் பிரித்தார்கள். இங்கே நோய் குடிநீர் வழியாக வருவதில்லை என்பதால் முந்தைய குழப்பத்துக்கும் இடமில்லை. எங்கள் மருந்து மிதமான பலனைத் தந்தது. பி40 ஆன்டிபாடி அதைவிடத் தெளிவாகவே சிறந்தது. அறிக்கையும் அதை அப்படியே சொன்னது. டி.எஸ்.எஸ். அறிக்கையை எழுதியவரும் இதை எழுதியவரும் வேறு வேறு நபர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டோம். வாங்குபவருக்கு இது முக்கியமான செய்தி, யார் அறிக்கை எழுதுவார் என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறலாம்.

கூண்டு ஏற்பாடு பற்றி இன்னும் எனக்கு மனநிறைவு இல்லை. சுண்டெலிகள் ஒன்றன் மலத்தை மற்றொன்று உண்ணும் பழக்கமுடையவை. ஆகவே ஒரே கூண்டில் வாழ்பவற்றின் குடல் நுண்ணுயிர்கள் நாளடைவில் ஒத்துப்போகின்றன. ஐ.எல்.-10 இல்லாத சுண்டெலிகளைக் கிருமிகள் அற்ற சூழலில் வளர்த்தால் அவற்றுக்குக் குடல் அழற்சி வருவதே இல்லை என்ற ஒரு செய்தி போதும், இந்நோயில் நுண்ணுயிர்களின் இடம் எவ்வளவு பெரியது என்று அறிய. இந்த ஆய்வகம் ஒரு கூண்டில் ஒரே குழுவை வைக்கிறது. குழு ஒன்றுக்கு இரண்டே கூண்டுகள் என்றால், காண்பது மருந்தின் விளைவா, அந்தக் கூண்டின் பாக்டீரியாவின் விளைவா என்று பிரித்தறிய வழியில்லை. எல்லாக் குழுக்களையும் ஒரே கூண்டில் கலந்து வைத்தால் இது தீரும், ஆனால் எந்தக் குழு எவ்வளவு தண்ணீர் குடித்தது என்ற கணக்கு அப்போது கிடைக்காது. எங்களைக் காப்பாற்றியதே அந்தக் கணக்குதான். சோதனை தொடங்கும் முன் எல்லாக் கூண்டுகளின் படுக்கைத் துகள்களையும் கலந்து பரிமாறி நுண்ணுயிர்களைச் சமப்படுத்துவதும், கூண்டுக்கு விலங்குகளைக் குறைத்துக் கூண்டுகளைக் கூட்டுவதும் நடைமுறைக்கேற்ற தீர்வுகள். முதலாவதை ஒப்புக்கொண்டு செய்தார்கள். இரண்டாவதற்கு இடப் பற்றாக்குறையைக் காரணம் காட்டினார்கள்.

விலங்கு நலனில் அவர்கள் காட்டிய அக்கறையைத் தனியே சொல்லியாக வேண்டும். இந்த நோய் விலங்குகளுக்கு வலி தருவது. அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகள் குடலைக் கெடுக்கும், ஓப்பியாய்டு வகை மருந்துகள் குடலின் அசைவையே மாற்றிவிடும் என்பதால் வலியைத் தணிக்கும் வழிகளும் குறுகியவை. ஆகவே எந்த நிலையில் ஒரு விலங்கைத் துன்பத்திலிருந்து விடுவிப்பது என்பதை முன்கூட்டியே வரையறுப்பது இன்றியமையாதது. தொடக்க எடையில் 20 சதவீதம் இழந்தால் விலங்கு கருணைக்கொலை செய்யப்படும் என்று திட்டத்திலேயே எழுதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு கடைப்பிடித்தார்கள். நோயுற்ற விலங்குகள் எழுந்து உண்ண இயலாமல் போகலாம் என்பதால், ஈரப்படுத்திய உணவைக் கூண்டின் தரையிலேயே வைத்தார்கள். இதன் மறுபக்கம் கணக்கிலும் தெரிய வேண்டும்: மிகவும் நோயுற்றவை நீக்கப்பட்டபின் எஞ்சியவற்றின் சராசரி எடையை மட்டும் வரைந்தால், குழு தேறிவருவதுபோல் வரைகோடு மேலேறும். இந்த ஆய்வகம் நீக்கப்பட்ட விலங்குகளின் கடைசி எடையைக் கணக்கில் தொடர வைத்து, எந்த நாளில் எத்தனை நீக்கப்பட்டன என்பதையும் வரைபடத்தின் கீழே காட்டியது. 2010-இல் வெளியாகி 2020-இல் திருத்தப்பட்ட, விலங்கு ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கான அரைவ் வழிகாட்டுதல்கள் கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவர்களின் இணைப்புகளில் விடை இருந்தது. முதல் பக்கத்தில்தான் இல்லை.

விலங்குச் சோதனையே போதும் என்று யாரும் இந்தச் சேவையை வாங்கிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுண்டெலிகளின் குடல் அழற்சியில் நன்றாக வேலை செய்த ஐ.எல்.-10 புரதம், குரோன் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஐ.எல்.-17ஏ என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் செகுகினுமாப் மருந்து, 2012-இல் வெளியான பரிசோதனையில் குரோன் நோயாளிகளுக்குப் பலன் தராததோடு, பாதகமான விளைவுகளையும் கூட்டியது. ஐ.எல்.-17-ஐத் தடுத்தால் சில விலங்கு மாதிரிகளில் (நோயை விலங்கில் உருவாக்கும் முறைகளில்) நோய் குறைகிறது, டி.எஸ்.எஸ். மாதிரியில் கூடுகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு மாதிரியில் கிடைத்த நல்ல விடையை மட்டும் வைத்து முன்னேறக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. செயல்முறை வேறுபட்ட இரண்டு மாதிரிகளையாவது சேர்த்து வாங்குங்கள், அவை முரண்பட்டால் அந்த முரணுக்கு விளக்கம் கேளுங்கள்.

தொடர்பு, காலந்தவறாமை ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டணம் இத்துறையின் நடுத்தர அளவில் இருந்தது.

அடுத்த மூலக்கூறுக்கும் இவர்களிடமே டி செல் மாற்றுச் சோதனையை ஒப்படைத்திருக்கிறோம். புதிய ஒப்பந்தத்தில் நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டோம்: நோய் மூண்டபின் மருந்து தொடங்குவது, கூண்டுவாரியாக உணவு, தண்ணீர் அளவுகளை அறிக்கையின் முதன்மைப் பகுதியிலேயே வரைபடமாகத் தருவது, ஒவ்வொரு விலங்கையும் தனிப் புள்ளியாகக் காட்டுவது, கூண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. முதல் மூன்றையும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். நான்காவது பற்றிய பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.